முத்துக் கடலிலே பிளாஸ்டிக் குருணை

பெரியமடுவில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். எங்கள் ஊர் கடற்கரை ஊரன்று. குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஊர். கடல் காண வேண்டுமாயின் மேற்கே விடத்தல்தீவுக்குச் செல்லல் வேண்டும். ஆயினும், மாரிகாலத்தில் எங்கள் வாய்க்கால்களில் பெருகி ஓடும் நீர் எங்கே போய்ச் சேர்கின்றது என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பு மாணவனும் கடலுக்கென்றே விடை கூறுவான். அந்த நீரோடு என்னென்ன போகின்றன என்பதையும் அவன் கண்டிருக்கின்றான். உரப்பை, கிருமிநாசினிப் போத்தல், சொப்பிங் பை, வார் அறுந்த செருப்பு ஆகிய இவையெல்லாம் ஐப்பசியில் வயற்கரையில் கிடந்து மார்கழியில் காணாமற் போகின்றன. காணாமற் போவதை ஒழிந்துபோவதாகக் கருதுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தைப் பற்றியே ஒரு சிறிது எழுத விரும்புகின்றேன்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே மாணவர் சிலரை மன்னார்த் தீவின் தென்கரைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. சோளகம் பலமாக வீசிக்கொண்டிருந்தது. அலை ஒதுக்கிய கோட்டின் ஓரமாகக் கடற்புல்லும் சிப்பி ஓடுகளும் கிடந்தன. அவற்றினிடையே வெண்ணிறமாக, அரிசியிலும் சற்றுப் பருத்த மணிகள் சிதறிக் கிடந்தன. அவற்றை உள்ளங்கையில் ஏந்திவந்த சிறுமி ஒருத்தி, "சேர், முத்து!" என்றாள். மற்றவர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்துக்கென்றே உலகெங்கும் பெயர்பெற்ற கரையிலே பிறந்தும் முத்தைக் கண்ணாலும் காணாத ஒரு தலைமுறை, பிளாஸ்டிக் குருணையை முத்தென்று மயங்குமாயின், அதனிடத்துக் குற்றம் காண்பது எங்ஙனம்?

அக்குருணை எங்கிருந்து வந்தது? அவ்வாண்டு மே 25ஆம் திகதி கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கொள்கலன் கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கிற்று. அவற்றுட் சிலவற்றில் இருந்தது இச்சரக்கு. வாளியும் குழாயும் பையும் வார்ப்பதற்கு மூலப்பொருளாக, ஒரு தொழிற்சாலையிலிருந்து மற்றொன்றுக்குப் பைபையாக ஏற்றிச் செல்லப்படும் பிளாஸ்டிக் குருணை. மூட்டை வெடித்துக் கடலிற் கலந்த குருணை முதலில் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளிலே ஒதுங்கிற்று. பின்னர் குமரிமுனையைச் சுற்றிச் சோளகத்தின் கைப்பிடித்து, தனுஷ்கோடிக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் வந்து சேர்ந்தது. கப்பல் மூழ்கி மூன்று கிழமை ஆகுமுன்னரே அது இங்கு வந்துவிட்டது. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி எரிந்து, ஜூன் மாதத்தில் முற்றாக மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அதிலிருந்த குருணை ஏறத்தாழ 1,680 தொன். உலகில் அதுவரை பதிவான கடற் பிளாஸ்டிக் சிந்துகைகளுள் அதுவே பெரிதென்று ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் கூறினர். 'பேர்ள்' என்றால் முத்து. கப்பலுக்குப் பெயரிட்டவர்கள் இந்த விகடத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி, முத்தின் கதைக்கு வருவோம். 1902ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து ஹெர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் இலங்கைக்கு வந்தார். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஏன் சில ஆண்டுகளில் மலிந்து பல ஆண்டுகளில் மறைகின்றது என்பதை ஆராய்ந்து கூறுமாறு குடியேற்ற நாட்டு அரசாங்கம் அவரை வேண்டியிருந்தது. 'லேடி ஹவ்லொக்' என்னும் நீராவிக் கப்பல் அவருக்கு வழங்கப்பட்டது. ஹோர்னல் என்னும் உதவியாளருடன் அவர் பார் பாராகச் சென்று நீரோட்டத்தையும் அடிமணலையும் சிப்பியையும் சிப்பிக்குள் இருந்த புழுவையும் ஆராய்ந்தார். பெரிய பார் என்னும் முத்துப் படுகையிலே இளஞ்சிப்பிகள் ஆண்டுதோறும் நிறைந்து, ஆண்டுதோறும் சோளகக் கடலால் அள்ளுண்டு போவதை விளக்கினார். 1903 முதல் 1906 வரையில் அவருடைய அறிக்கை ஐந்து பெருந்தொகுதிகளாக இலண்டன் ரோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே சலாப உரிமை ஒரு இலண்டன் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. கம்பனி சில ஆண்டுகளிலேயே நொடித்தது. கடல் குத்தகைப் பத்திரத்தைப் படிக்கவில்லை போலும்.

நான் இக்கதையை விரித்தற்குக் காரணம் உண்டு. முத்து விளைந்தபோது, அதாவது திறைசேரிக்குப் பணம் வந்தபோது, இந்தக் கடலை அறிய ஒரு கப்பலும் ஒரு பேராசிரியரும் ஐந்து தொகுதிகளும் கிடைத்தன. அதே பார்களின் மேலே இன்று குருணை மிதக்கின்றபோது ஒரு வள்ளம்தானும் தொடர்ந்து கணக்கெடுக்கச் செல்வதில்லை. அறிவு வருமானத்தின் பின்னாற் செல்லும் என்பது உண்மையே. ஆனால் நட்டத்தின் பின்னாலும் அது செல்லவேண்டும் என்று கேட்பது தவறாகுமா?

ஆராய்ச்சிக் கப்பல்கள் இலங்கைக் கடலுக்கு வராமல் இல்லை. 2018இல் நான்சன் என்னும் நோர்வீஜியக் கப்பல் வந்து மீன்வளத்தோடு நுண்பிளாஸ்டிக்கையும் ஆராய்ந்து சென்றது. அத்தகைய பெருங்கப்பல்கள் ஆழ்கடலுக்கு உரியவை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் தூரத்துக்கு மணல்திட்டுத் தொடர் கிடக்கின்றது. அதன் மேல் பல இடங்களில் மனிதன் நின்றால் நீர் மார்பளவே வரும். வடக்கே பாக்குக் கடலும் ஆழமற்றது. விடத்தல்தீவுக் கண்டற்காட்டின் ஓரத்தில் வள்ளத்தை மரக்கோல் ஊன்றித் தாங்கியே செலுத்துவர். பிளாஸ்டிக் அதிகமாகத் தங்குவதும் இத்தகைய இடங்களிலேதான். கண்டல் வேரும் கடற்புல்லும் வலை போன்று அதனைப் பற்றிக்கொள்ளுகின்றன. ஆவுளியா மேய்வதும் இறால் குஞ்சு வளர்வதும் அங்கேயே. ஆகவே, பெரிய கப்பல் புக முடியாத இடத்திலேயே பெரிய ஆராய்ச்சி தேவைப்படுகின்றது.

ஆகையால் என் யோசனை இது. விடத்தல்தீவிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டு, பேசாலை, தலைமன்னார் வழியாக மணல்திட்டுகளைக் கடந்து, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை வரையில் சென்று, பழைய முத்துப் பார்களின் மேலே வலை இழுத்து மீள்வதற்கு ஒரு பாய்வள்ளப் பயணம் ஒழுங்கு செய்யப்பட வேண்டும். ஒரு முறை அன்று. ஆண்டுதோறும், ஒரே வழியில், ஒரே முறையில். அதனை நடத்தவேண்டியவர்கள் இக்கரையின் பாடசாலைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களுமே. பிறர் வந்து உதவலாம், வழிநடத்த வேண்டா.

பாய்மரம் ஏன், ஓர் இயந்திரப் படகிலே ஒரு நாளில் முடித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாய்மரத்தை நான் கோலத்திற்காகக் கேட்கவில்லை. 1970ஆம் ஆண்டிலே தோர் ஹேயர்டால் என்னும் நோர்வீஜியர், பப்பைரசு நாணலாற் கட்டிய 'ரா' என்னும் இரண்டாவது படகிலே மொரோக்கோவிலிருந்து பார்படோசுக்கு 57 நாளிற் சென்றார். அவற்றுள் 43 நாள்களில் கடலில் எண்ணெய்க் கட்டிகள் மிதந்ததைக் கண்டு ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிவித்தார். அதே அத்திலாந்திக் கடலை அவ்வாண்டு எத்தனையோ பெருங்கப்பல்கள் கடந்திருக்கும். அவற்றின் உயர்ந்த தளத்தில் நின்றவர்களுக்குக் கடல் நீலமாகவே தெரிந்தது. நீர்மட்டத்தில் இருந்துகொண்டு அந்நீரிலே பல்விளக்க முயன்றவருக்கே உண்மை தெரிந்தது. பசிபிக் கடலின் நடுவே பிளாஸ்டிக் திரண்டு கிடப்பதை 1997இல் உலகறியச் செய்த சார்ள்ஸ் மூர் என்பவரும் பாய்க்கப்பலோட்டியே. ஹவாய்த் தீவுக்குப் பந்தயம் ஓடிவிட்டுக் கலிபோர்னியாவுக்குத் திரும்புகையில், காற்றில்லாத பாதையென்று மாலுமிகள் ஒதுக்கும் வழியாக வந்தமையால் அதனைக் கண்டார். இரண்டாண்டு கழித்து வலையோடு மீண்டு சென்று இழுத்தபோது, அங்கே மிதவை உயிர்களைப் போல் நிறையால் ஆறு மடங்கு பிளாஸ்டிக் அகப்பட்டது. எங்கள் வழக்கிலே நீர் சுழன்று ஆழ்ந்து கிடக்கும் இடத்தை மடு என்போம். கடலுக்கும் அத்தகைய பெரிய மடுக்கள் உண்டு என்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று.

இவ்வகை ஆராய்ச்சிக்குரிய வலையின் இலக்கணமே மெதுவான பயணத்தைக் கேட்கின்றது. கொம்புத் திருக்கையின் வடிவில் இரு சிறகும் அகன்ற வாயும் உடைய இவ்வலையின் கண் மூன்றிலொரு மில்லிமீற்றர் அளவினது. மணிக்கு மூன்று கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் இழுத்தால் நீர் வலைக்குள் புகாமல் முன்னே முட்டித் தள்ளும். நல்ல காற்றில் சிறு பாயோடு செல்லும் வள்ளத்தின் நடை ஏறத்தாழ அதுவே. வலைவாயில் ஒரு நீரோட்டமானியைக் கட்டினால், எவ்வளவு நீர் உள்ளே சென்றது என்பது தெரியும். பிறகு, கிடைத்த துணுக்குகளை எண்ணி வகுப்பது எட்டாம் வகுப்புக் கணிதம்.

ஆனால், காற்றைப் பற்றி ஒரு தொல்லை உண்டு; அதனை மறைத்தல் ஆகாது. காற்று மிகுந்து அலை மூண்ட நாளிலே மிதக்கும் துணுக்குகள் கீழே அமிழ்த்தப்படுகின்றன. அன்றைக்கு நீர்ப்பரப்பில் எண்ணிக்கை குறையும். அதனைக் கண்டு கடல் தூய்மையாயிற்று என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. எனவே சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன் உள்ள நாள்களும், வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் பங்குனி, சித்திரையில் உள்ள நாள்களுமே கணக்கெடுப்புக்கு ஏற்றவை. ஆனால் அந்நாள்களிலே பாய்க்குக் காற்றுப் போதாது! காலைக் கரைக்காற்றையும் மாலைக் கடற்காற்றையும் நம்பி, இடையிலே துடுப்பும் மரக்கோலும் பிடித்து நகரவேண்டும். ஆபத்துக்கென்று ஒரு சிறிய இயந்திரத்தையும் கட்டி வைத்தல் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளின் உயிரினும் நம்முடைய கொள்கைத் தூய்மை பெரிதன்று.

ஒரே பருவத்தில் மட்டும் எண்ணினாலும் கணக்கு நொண்டும். இங்கே தீவின் இருபுறமும் இரு கடல். சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கியிருக்கும். வாடையில் இது மாறும். நம் கடற்றொழிலாளர் பருவத்துக்குப் பருவம் கரை மாறி வாடி அமைப்பது இதனாலேதான். குப்பையும் அவ்வாறே கரை மாறுகின்றது. சோளகத்தில் மேற்கிலிருந்து வருவது ஒருவகை. வாடையில் வங்காள விரிகுடாவிலிருந்து இறங்குவது வேறுவகையாக இருத்தல் கூடும். எனவே ஆண்டுக்கு இரு பயணம் வேண்டும்.

வள்ளத்தைப் பற்றியும் சொல்லல் வேண்டும். இன்று நம் கரையிலுள்ள படகுகளிற் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள்; கயிறு நைலோன். பிளாஸ்டிக்கைத் தேடிப் போகும் வள்ளமே பிளாஸ்டிக்கை உதிர்த்துக்கொண்டு போனால், வலையில் அகப்படுவது யாருடையது? ஆதலின் பழைய பலகை வள்ளம் ஒன்றைத் தேடிச் செப்பனிடுதல் நன்று. தென்னந் தும்புக் கயிறும் பருத்தித் துணிப் பாயும் கிடைக்குமாயின் சிறப்பு. கிடையாவிடின், பாயினதும் கயிற்றினதும் வண்ணப்பூச்சினதும் சிறு துண்டுகளைப் போத்தலில் இட்டுப் பெயரெழுதி வைத்துக்கொண்டால், வலையில் வந்ததோடு பின்னர் ஒப்பிட்டு நம்முடையதைக் கழித்துவிடலாம். வள்ளத்தில் திறந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் தூய நீரை வைத்து, நம் உடைகளிலிருந்து பறந்து விழும் நூலையும் எண்ணவேண்டும். தன் குற்றத்தை முதலிற் கழித்துக்கொண்டு பிறர் குற்றத்தை எண்ணும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. உணவுக்குக் கஞ்சியும் ஒடியல் மாவும் பனாட்டும் பனையோலைப் பெட்டியிலே போகலாம். குடிநீர் எவர்சில்வர்க் குடத்திலே. இவை நம் பாட்டன்மார் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத சிக்கனங்கள்.

இக்கரையாரால் இது இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. 1930இல் வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ஏறத்தாழ 90 அடி நீளமான அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையிற் சேர்த்தனர். பாக்குக் கடலின் பிள்ளைகள் அத்திலாந்திக்கைக் கடந்தனர். நாம் விடத்தல்தீவிலிருந்து அரிப்புக்குப் போகத் தயங்குகின்றோம். ஆபிரிக்காவின் லாமுத் தீவிலே மரபான படகுத் தச்சர்கள், பொறுக்கியெடுத்த பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகையாக்கி, பழஞ்செருப்புத் துண்டுகளால் மேற்புறத்தைப் போர்த்து, 'பிலிப்பிலோப்பி' என்னும் பாய்க்கப்பலைக் கட்டி 2019இல் சான்சிபாருக்கு ஓட்டினர். அவர்கள் நோக்கம் பிரசாரம்; என் நோக்கம் கணக்கு. ஆயினும் அந்தத் தச்சர்களின் துணிவை மெச்சுகின்றேன்.

இந்த யோசனையை விடத்தல்தீவுச் சம்மாட்டியார் ஒருவரிடம் கூறினேன். முதியவர், கடலிலே அறுபது ஆண்டு பழகியவர். அவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாஸ்டர், இழுவைப் படகு வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறதை ஒருத்தரும் எண்ணேல்லை. நீங்கள் குருணையை எண்ணப் போறியளோ?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் வருத்திற்று. அதில் நியாயம் இருந்தது. அடிக்கடலை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை 2017இல் நம் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் எல்லை தாண்டி வரும் தென்னிந்திய இழுவைப் படகுகளைக் குறித்த முறைப்பாடு ஓயவில்லை. வலையிழந்தவன் முன்னே நின்று நுண்பிளாஸ்டிக் என்று பேசுவது, பசித்தவனுக்கு விரதத்தின் மேன்மையை எடுத்துரைப்பது போலாகும். ஆனால் பின்னர் எனக்குத் தோன்றியது: அறுந்த அந்த வலை எங்கே? அதுவும் பிளாஸ்டிக் அன்றோ? 1950களில் நைலோன் வந்து பருத்தி நூல் வலையைத் துரத்திற்று. நூல் வலை கடலில் விழுந்தால் உக்கிப் போய்விடும். நைலோன் வலையும் தங்கூசி வலையும் விழுந்த இடத்திலே கிடந்து, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கின்றன. ஆகவே சம்மாட்டியாரின் இழப்பும் சிறுமியின் 'முத்தும்' ஒரே கணக்கேட்டில் எழுதப்படவேண்டியவை.

இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. குருணை நீரினும் இலேசானது; மிதக்கும். நைலோன் நீரினும் கனமானது, அமிழும். மேற்பரப்பில் இழுக்கும் வலை எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், அறுந்த வலையின் துண்டு அதில் அகப்படாது. அதற்கு மூழ்கித்தான் பார்க்கவேண்டும். சங்கு குளித்தும் கடலட்டை எடுத்தும் பழகிய குளியாளிகள் இன்றும் இக்கரையில் உளர். பயணத்தில் அவர்களுள் இருவரேனும் இருத்தல் வேண்டும். இதனை அடுத்த முறை சம்மாட்டியாரிடம் கூறியபோது அவர் முகம் சற்று மலர்ந்தது. வலைகள் சிக்கிக் கிடக்கும் பார்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பதினொன்று எண்ணினார். எந்த வரைபடத்திலும் அவை இல்லை.

எண்ணுவதை விட்டுப் பொறுக்கலாமே என்பாரும் உளர். பொறுக்க வேண்டியதே. ஆனால் பொறுக்குபவன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுக்கின்றான். அடுத்த ஆண்டு கூடிற்றா குறைந்ததா என்று கேட்டால் அவனிடம் விடையில்லை. வழக்குமன்றத்திலும் அந்த விடையையே கேட்பார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் அழிவுக்காக நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24இல் தீர்ப்பளித்தது. மன்னார்க் கரைக்கென்று நாளை ஒரு வழக்கு எழுமாயின், கப்பற்காரரின் சட்டத்தரணி எழுந்து கேட்கப்போகும் முதற் கேள்வி: "எங்கள் கப்பல் மூழ்குமுன் உங்கள் கடல் எவ்வாறு இருந்தது?" கையில் ஏடு இல்லாதவன் அங்கே வாய் திறக்க முடியாது. கரையில் கிடக்கும் குருணை 2021இன் குருணையா, 2025இன் குருணையா, அதற்கு முன்னரே வந்து கிடந்ததா என்று கேட்டால், பொறுக்கிய சாக்குகளைக் காட்டினால் போதுமா? இக்குருணையை ஆபத்தான சரக்கென்று வகைப்படுத்துமாறு இலங்கை உலக அரங்கிலே குரல் எழுப்பிற்று. சர்வதேச கடல்சார் அமைப்போ 2024இல் சில பரிந்துரைகளை வெளியிட்டதோடு நின்றது. அவை கட்டாயமானவை அல்ல. பிளாஸ்டிக் பற்றிய உலக உடன்படிக்கைக்கான பேச்சும் 2024 டிசெம்பரில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவின்றிக் கலைந்தது. பெரியவர்கள் கூடிக் கலையும் வரையில் சிறியவர்கள் எண்ணிக்கொண்டாவது இருக்கலாம்.

அனுமதிகள் பல வேண்டும். விடத்தல்தீவும் இராமர் அணையை ஒட்டிய கடலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். வனசீவராசிகள் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், கடற்படை என்று படியேற வேண்டும். 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வரைந்த எல்லைக்கோடு மணல்திட்டுகளின் ஊடே செல்கின்றது. குருணைக்குக் கடவுச்சீட்டு இல்லை, நமக்கு உண்டு. அக்கரையில் இராமேசுவரத்து மாணவரும் அதே நாள்களில் அதே கண்ணளவுள்ள வலையை இழுத்து, இரு கணக்கும் ஒரே தாளில் எழுதப்படுமாயின், அந்த ஒரு தாளிலேனும் மீன்சண்டை இராது. ஒரே மொழியில் எண்ணத் தெரிந்தவர்கள்தாமே இரு கரையிலும் இருக்கின்றனர்.

பணம் எங்கே என்பர். பயணம் தொடங்குமுன்னரே, காசில்லாமற் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தோக்கியோவிலே தக்கடா என்னும் பேராசிரியர் 2005 முதல் உலகெங்கும் இருந்து கடற்கரைக் குருணைகளை வரவழைத்து ஆராய்ந்து வந்திருக்கின்றார். நீரிலே கரைந்துள்ள நச்சு இரசாயனங்களைக் குருணை தன் மேல் ஈர்த்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு கரையின் குருணையும் அக்கரைக் கடலின் நோய்ச்சீட்டுப் போன்றது. கரையில் நூறு, இருநூறு குருணையை, கையாற் படாமல் இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளிற் சுற்றி, இடமும் நாளும் எழுதித் தபாலில் இட்டால் போதும். மஞ்சளித்துப்போன பழைய குருணையே இதற்கு மிகவும் பயன்படும். எங்கள் மாணவர் அதற்கென ஒரு கொப்பி போட்டிருக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கடற்றொழில் துறையினர் நுணுக்குக்காட்டியைத் தந்துதவினால், வலையில் வருவதை ஆராயத் தூரம் செல்ல வேண்டியதில்லை.

யார் யார் ஏறுவது என்பதிலேதான் இப்போது வாதம். தண்டல் ஒருவர், குளியாளிகள் இருவர், ஆசிரியர் ஒருவர், மாணவர் நால்வர் என்பது என் கணக்கு. மாணவர் நால்வரில் இருவர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றேன். வள்ளத்தில் பெண் ஏறுவதா என்று ஒருவர் முகம் சுளித்தார். 2014இல் பதினான்கு பெண்கள் இதே ஆராய்ச்சிக்காகவே பாய்க்கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்ததை எடுத்துரைத்தேன். அவர் அத்திலாந்திக் வேறு, பேசாலை வேறு என்றார். அன்று முத்தென்று கூவிய சிறுமி அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு நீந்தத் தெரியும், குளத்துப் பிள்ளை.

சம்மாட்டியார் தம் பழைய பலகை வள்ளத்தைத் தருவதாகக் கூறியிருக்கின்றார். அது பத்து ஆண்டுகளாகக் கரையிற் கவிழ்ந்து கிடக்கின்றது. இரண்டு பலகை மாற்ற வேண்டும். இடுக்குகளுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்துப் பண்ண வேண்டும். அந்த வேலை தெரிந்த தச்சர் ஒருவரே இப்பகுதியில் எஞ்சியிருக்கின்றார். அவருக்கும் கண் மங்கிக்கொண்டு வருகின்றது. பங்குனியில் இறக்குவதானால் மாசிக்குள் வேலை முடிய வேண்டும் என்கின்றார்.